விடிந்தால் ஒரு தூண்

கொலை செய்தவனைப் பிடித்துவிடலாம். நகையைத் தூக்கிக்கொண்டு ஓடியவனையும் பிடித்துவிடலாம். ஒரு துரும்பைக்கூட எடுக்காமல், இல்லாத பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவனை எந்தக் கணக்கில் திருடன் என்பது? படியேறும்போதே ரேடியோ இதைக் கேட்டான். எந்த வழக்கானாலும் சித்தி வாசலில் கண்ணை மூடி, கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். கண்ணைத் திறந்ததும் சொன்னாள்.

"உள்ள போனதும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு. யாரோ ஒரு பொண்ணுக்கு வேலை போகப்போகுதாம். உன் ஜோக்குக்குச் சிரிக்கிற நிலைமையில அது இருக்காது."

ரேடியோ என்பது அவனுக்கு வீட்டார் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற குமிழ் கிடையாது. முன்நெற்றி ஏறிக்கொண்டே போகும் வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காததால், அம்மா தன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்தத் தங்கை ஊர் முழுக்கத் தொலைந்ததைத் தேடிக் கொடுத்துக் கொடுத்து, ஊருக்கே 'துப்பறியும் சித்தி' ஆகிவிட்டவள். உரிமையோடு சித்தி என்று கூப்பிடக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்பதில் ரேடியோவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கட்டடக் கலைஞரின் அலுவலகம் கீழ்த்தளத்தில், வீடு மாடியில். அலுவலகத்தில் சுவர் வெள்ளை, மேஜை வெள்ளை, நாற்காலி வெள்ளை. கலைஞர் மட்டும் கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு. சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. கடிகாரம் இருந்தது, அதில் எண்கள் இல்லை. மணி பார்க்க வேண்டுமென்றால் இங்கே உத்தேசமாகத்தான் பார்க்க வேண்டும்போல என்று ரேடியோ நினைத்தான். சொல்லவில்லை. அதற்கே அவனுக்கு வியர்த்தது.

நடு மேஜையில் இருந்தது வழக்கு. ஆற்றங்கரைப் படகுத்துறைக்குப் புதிதாகக் கட்டப்போகும் காத்திருப்புக் கூடத்தின் மாதிரி. வெள்ளை அட்டையில், கைப்பெட்டி அளவில், நேர்க்கோடுகளால் ஆன ஒரு கட்டடம். முன்னால் ஆறு என்று நீலத்தாள். கரையில் அரிசி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்ற குட்டி மனிதர்கள். இன்று சாயங்காலம் போட்டியின் நடுவர்கள் வந்து இதைப் பார்க்கப்போகிறார்கள். பிடித்தால் கட்டடம் எழும்பும்.

ஆனால் மேஜைமேல் இருந்தது வெறும் பெட்டி இல்லை. முன்பக்கம் வரிசையாகத் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகப்பு. பக்கவாட்டில் அரைவட்ட வளைவுகள். மேலே ஒரு குவிமாடம். போதாததற்கு மூலைக்கு மூலை கொடியும் இலையும் சுருளும். உச்சியில் இறக்கை முளைத்த ஒரு குழந்தை ஊதுகுழலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

"கல்யாண கேக்கை அட்டைப்பெட்டி மேல கவுத்த மாதிரி இருக்கு சித்தி" என்றான் ரேடியோ. இதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

கலைஞர் கோபிக்கவில்லை. அதையேதான் அவரும் சொல்ல நினைத்தாராம். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் தூண்களும் முக்கோணமும் முளைத்திருந்தன. உடனே பிடுங்கி எறியச் சொன்னார். மறுநாள் அதே தூண்கள் மறுபடி வந்தன. இந்தத் தடவை பிடுங்கினால் அட்டையே கிழியும்போல ஒட்டியிருந்தன. அதற்கடுத்த நாள் வளைவுகள். பிறகு குவிமாடம். இன்று காலையில் இலையும் கொடியும் குழந்தையும். எந்த அலங்காரமும் வேண்டாம் என்பதே தன் வாழ்நாள் கொள்கை என்றும், அதைத் தெரிந்துகொண்டு யாரோ நெஞ்சிலேயே அடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அறைச் சாவி இருப்பது அவரிடமும் மாதிரி செய்கிற பெண்ணிடமும்தான். அட்டை வெட்டவும் ஒட்டவும் இந்த அலுவலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே சாயங்காலத்துக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் அவளை அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருந்தார்.

அந்தப் பெண் மூலையில் நின்றாள். தன் கத்திகளையும் அளவுகோல்களையும் ஒவ்வொன்றாக ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி கேட்டதற்கு, தான் செய்யவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். வேறு யார் செய்திருப்பார்கள் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஊரில் மாதிரி செய்யும் வேலை அபூர்வம். இங்கிருந்து இப்படி ஒரு பெயரோடு போனால் வேறு எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சித்தி பூதக்கண்ணாடியை எடுத்து மாதிரியைச் சுற்றி வந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாதென்றும், பழைய காலத்துக் கட்டடங்கள் எந்த வரிசையில் வந்தன என்று கொஞ்சம் சொல்லமுடியுமா என்றும் கலைஞரைக் கேட்டாள்.

கேட்டதே போதும். அவர் கறுப்புச் சட்டைக்குள்ளேயே ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டார். முதலில் தூணும் உத்தரமும். கல்லை நட்டு, மேலே கல்லைப் படுக்கவைக்கத்தான் மனிதனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அரைவட்ட வளைவு வந்தது. அதற்குப் பிறகு உச்சி கூரான வளைவு. கட்டடங்கள் வானத்தைத் தொடப் பார்த்தது அப்போதுதான். அப்புறம் பெரிய குவிமாடங்கள். அப்புறம் கொடியும் சுருளும், இடம் கிடைத்த இடத்திலெல்லாம் பூவேலை. கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு நேர்க்கோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு காலமும் எதைப் பெரிதாக நினைத்ததோ அதைக் கல்லில் எழுதி வைத்தது என்று முடித்தார். நன்றாகவே சொன்னார். ரேடியோவே வாயைத் திறக்காமல் கேட்டான்.

"அப்ப உங்க எதிரி சரித்திர வரிசையிலதான் வந்திருக்கான்" என்றாள் சித்தி. "திங்கட்கிழமை தூண், அப்புறம் அரைவட்டம், அப்புறம் குவிமாடம், இன்னிக்குப் பூவேலை. சும்மா கெடுக்க வந்தவனுக்கு இவ்வளவு ஒழுங்கு எதுக்கு?"

"படிச்ச திருடன் சித்தி" என்றான் ரேடியோ.

"படிச்சவன் இல்ல. படிச்சவனா இருந்தா நடுவுல ஒண்ணை விட்டிருக்க மாட்டான்."

கலைஞர் எழுந்தே விட்டார். கூர் வளைவு. அது எங்கேயும் இல்லை. அரைவட்டத்திலிருந்து நேராகக் குவிமாடத்துக்குத் தாவியிருந்தது. நாலு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த மனிதர் இதைக் கவனிக்கவே இல்லை.

சித்தி அலமாரிப் பக்கம் போனாள். கலைஞரின் புத்தகங்கள் எல்லாம் வெள்ளை அட்டை போட்டு நின்றன. எல்லாவற்றின் தலையிலும் தூசி. ஒன்றில் மட்டும் இல்லை. அதை எடுத்தாள். கட்டடக் கலையின் கதையைப் பெரிய பெரிய படங்களோடு சொல்லும் தடித்த புத்தகம். தூண்கள் இருந்தன. பக்கத்தைத் திருப்பினாள், அரைவட்ட வளைவுகள் இருந்தன. மறுபடி திருப்பினாள், குவிமாடம் வந்தது.

நடுவிலிருந்த ஒரு கொத்துத் தாள்கள் பலகைபோல ஒட்டிக்கொண்டிருந்தன. கல்லூரி நாளில் அதில் காபியைக் கொட்டிவிட்டதாகக் கலைஞர் ஒப்புக்கொண்டார். மனப்பாடமாகத் தெரிந்த பாடம் என்பதால் பிரித்துப் பார்க்கவே இல்லையாம்.

"ஒரு சரித்திர காலத்தையே காபி குடிச்சிடுச்சு" என்றான் ரேடியோ.

அடுத்து என்ன என்று சித்தி விளக்க வேண்டியிருக்கவில்லை. போட்டிக்காரர்கள் யாரும் கூர் வளைவை மறக்கமாட்டார்கள். மாதிரி செய்யும் பெண்ணும் இந்தப் படிப்பைப் படித்துத் தேறியவள்தான். செய்தவருக்குக் கட்டடக் கலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு பிரதியில் திறந்த பக்கங்கள் மட்டுமே. அவர் இந்த அறைக்குள்ளேயே, அவசரமில்லாமல் உட்கார்ந்து படம் பார்த்தவர்.

அதற்குச் சாவி வேண்டும். வேறு சாவியே கிடையாதா என்று கேட்டபோது, மாடிச் சமையலறையில் ஒன்று தொங்குவதாகக் கலைஞர் சொன்னார். அதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அது வீட்டுச் சாவிக் கொத்தாயிற்றே என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

சித்தி பூதக்கண்ணாடியை ரேடியோவிடம் நீட்டி, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லும்படி சொன்னாள். கட்டைவிரல் நகமளவு குழந்தை. ரேடியோ குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"சித்தி, இது கைக்குழந்தை. ஆனா வாய் நிறையப் பல்லு. கடைவாய்ப் பல்லு வரைக்கும் இருக்கு. என்னைவிட நல்ல வரிசை."

"யாருக்கு எது கைவந்ததோ அது தன்னால வந்துடும்" என்றாள் சித்தி. பிறகு கலைஞரைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் யாருக்காவது பல் சம்பந்தமான தொழில் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

கலைஞரின் முகம் அவருடைய சுவரின் நிறத்துக்கு வந்தது. மாமனார் பல் செட் செய்துகொடுக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம்தான் மகள் வீட்டோடு இருக்க வந்திருக்கிறார்.

மாடியில் மாமனார் பால்கனியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பல் செட்டை மினுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். சித்தியையும் ரேடியோவையும் பார்த்ததும் எழுந்து நின்றார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை சித்தி வானிலையைப் பற்றியே பேசினாள். பிறகு கீழே இருக்கும் மாதிரி மிக அழகாக இருப்பதாகச் சொன்னாள்.

பெரியவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. முகம் மலர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் தான் சும்மா சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். ஒருநாள் கீழே எட்டிப் பார்த்தபோது அந்தப் பெட்டி மேஜைமேல் இருந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்திருக்கிறது.

"பாவம் மாப்பிள்ளை, ஓயாம உழைக்கிறார். வெறும் பெட்டியோட நிக்குது, மேற்கொண்டு செய்ய அவருக்கு நேரமே கிடைக்கல. இன்னும் முடிக்கலையான்னு நான் எப்படி மாப்பிள்ளைகிட்ட கேக்கிறது? அவருக்கு அவமானமா இருக்காதா? அதான் காலையில எல்லாரும் எழுந்திருக்கிறதுக்குள்ள போய் ஏதோ என்னால ஆனது. அவர் புத்தகத்தையே பார்த்துத்தான் செஞ்சேன், என் இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யல. முதல்நாள் ஒட்டினது விழுந்துடுச்சு. அப்புறம் பல்லு ஒட்டுற சிமென்ட்டைப் போட்டேன். இனிமே விழாது."

ரேடியோ தேநீரை விழுங்க முடியாமல் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வாழ்நாள் முழுக்க அலங்காரத்தை உதறி உதறி ஒரு மனிதர் தன் உச்சத்தைத் தொட்டிருக்கிறார். அதைப் பார்த்து அவருடைய மாமனார் இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.

"நாளைக்குத்தான் கடைசிப் பாடம்" என்றார் பெரியவர் உற்சாகமாக. "ஆனா அந்தப் பக்கத்துல ஏதோ தப்பு அச்சாயிருக்கு. வெறும் பெட்டியைப் போட்டு வெச்சிருக்கான்."

சித்தி அவரிடம் மெதுவாக, மாதிரி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொன்னாள். பெரியவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. கையிலிருந்த பல் செட்டை மடியில் வைத்தார். இனி மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது, இன்றைக்கே கிளம்பிவிடலாமா என்று தனக்குள் பேசுகிறவர்போலக் கேட்டுக்கொண்டார்.

ரேடியோ சித்தியைத் தனியே இழுத்தான். பெரியவரைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எலி செய்ததாகச் சொல்லிவிடலாம், எலிக்கும் பல் உண்டு என்றான். அது எடுபடாவிட்டால் தானே செய்ததாக ஒப்புக்கொள்வதாகவும், தனக்குப் போவதற்கு வேலை எதுவும் இல்லை என்பதால் நஷ்டமில்லை என்றும் சொன்னான். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்காக அக்காவைப் பற்றிச் சித்திக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆனாலும் பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்றினால் அந்தப் பொய்யை வேறு ஒருவர் சுமக்க வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டாள். பெரியவரிடம் திரும்பி வந்து, உள்ளதை மட்டும் சொன்னாள்.

"ஐயா, கீழ இருக்கிற பொண்ணுதான் இதைச் செஞ்சதுன்னு நினைச்சு, அவளை இன்னிக்கு வேலையை விட்டு அனுப்பப்போறாங்க."

பெரியவர் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. மாப்பிள்ளையின் எதிரே உட்காரக்கூடத் தயங்குகிற மனிதர், சித்திக்கும் ரேடியோவுக்கும் முன்னால் படி இறங்கிப் போய் அந்த வெள்ளை அறையின் நடுவில் நின்றார்.

"மாப்பிள்ளை, அது நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க."

கலைஞருக்கு இது ஏற்கெனவே தெரிந்ததுதான். மாமனாரைத் திட்ட முடியாது. திட்டாமல் இருக்கவும் முடியாது. அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். யாரையாவது பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சித்தி கேட்டாள்.

"உனக்குத் தெரியுமில்ல, கண்ணு?"

அந்தப் பெண் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமையே தெரியும் என்றாள். தன் கத்தியை யாரோ எடுத்து, வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவி, சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். இந்த வீட்டில் கத்தியை அப்படிக் கழுவுகிறவர் ஒருவர்தான். மறுநாள் சீக்கிரமே வந்து கதவிடுக்கில் பார்த்தாள். பெரிய ஐயா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தூணை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு சந்தோஷமா இருந்தார் சார். எப்படிச் சொல்றது? நீங்க கண்டுபிடிச்சுச் சிரிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்."

கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவுக்கு இப்போதுதான் வழக்கு முழுசாக விளங்கியது. மாப்பிள்ளை மனம் நோகக்கூடாதென்று மாமனார் கேட்கவில்லை. மாமனார் மனம் நோகக்கூடாதென்று இந்தப் பெண் சொல்லவில்லை.

"சித்தி, நல்லவங்க நாலு பேர் ஒரு வீட்ல சேர்ந்தா கெட்டவனே தேவையில்ல போலிருக்கு" என்றான்.

"நல்ல மனசு இருந்தா மட்டும் போதாது. வாயையும் திறக்கணும்" என்றாள் சித்தி. "உன்னைச் சொல்லல. நீ மூடணும்."

கலைஞர் அந்தக் குவிமாடத்தையும் குழந்தையையும் பார்த்தபடி இருந்தார். பிறகு, இதில் எது குறைகிறதென்று மாமாவுக்குத் தோன்றியது என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெரியவர் தயங்கித் தயங்கி, புத்தகத்தின் படங்களில் எந்தக் காலத்துக் கட்டடமானாலும் வாசலில் நாலு பேர் ஒதுங்க ஒரு இடம் இருந்ததாகச் சொன்னார். இதில் குட்டி மனிதர்கள் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். அது இனிமேல்தான் வரும் என்று நினைத்தாராம்.

கலைஞர் அதற்குத் தன் பக்கத்தைச் சொன்னார். தான் கட்டடத்தைக் கஞ்சத்தனமாகச் செய்யவில்லை என்றும், படகுக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்றுதான் ஒவ்வொன்றாக எடுத்ததாகவும் சொன்னார். உள்ளே எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தண்ணீர் தெரியுமாம். பெரியவர் குனிந்து, தன் தூண்களுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார். ஆறு தெரியவில்லை. தூண்தான் தெரிந்தது.

"நான்தான் மறைச்சுட்டேன்" என்றார் மிகவும் வருத்தத்தோடு. "இதை ஒரு தடவை சொல்லியிருந்தீங்கன்னா போதுமே மாப்பிள்ளை."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மாமா."



நடுவர்கள் வர அதிக நேரம் இல்லை. ஒட்டியது பல் சிமென்ட் என்றாலும், ஒட்டியவருக்கு அதை எடுக்கவும் தெரிந்திருந்தது. பெரியவர் வெந்நீரும் மெல்லிய நூலும் கேட்டார். அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெந்நீரில் நனைத்த நூலால் அவர் அறுக்க, அவள் தாங்கிப் பிடிக்க, குவிமாடம் வந்தது, கொடிகள் வந்தன, குழந்தை பல்லைக் காட்டிக்கொண்டே இறங்கியது. கடைசியில் தூண்களை எடுக்கப் போனபோது கலைஞர் அவர்கள் கையைத் தடுத்தார். நடுவில் உள்ளவற்றை எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் உள்ளதை மட்டும் விட்டுவைத்து, மேலே முக்கோணத்துக்குப் பதில் ஒரு தட்டையான அட்டையைப் படுக்கவைக்கச் சொன்னார். அந்தப் பெண் வெட்டி வைத்தாள். வாசலில் மடித்த கைக்குட்டையளவு நிழல் விழுந்தது. அதன் வழியே ஆறும் தெரிந்தது.

பெரியவர் குட்டி மனிதர்களை ஒவ்வொருவராக நகர்த்தி அந்த நிழலில் நிற்கவைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

வாசலில் காரின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நடுவர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மாதிரியைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிடித்ததா இல்லையா என்று அந்த முகங்களிலிருந்து சித்தியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மூத்தவர், வேலைப்பாடு மிக நேர்த்தியாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார்.

இதற்குமுன் எத்தனையோ தடவை இதே கேள்விக்குக் கலைஞர் நன்றி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"வரைஞ்சது நான். கட்டினது இவங்க" என்று அந்தப் பெண்ணைக் காட்டினார். "வாசல் எங்க மாமாவோடது."

பெரியவர் கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். ரேடியோ அவரைப் பிடித்து முன்னால் நிறுத்தினான்.

நடுவர்கள் முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் தன் துணிப்பையின் பக்கம் பார்த்தாள்; அதை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கலைஞர் போய் அதை எடுத்தார். ஒரு பெண்ணை அவள் செய்யாத தப்புக்காக எல்லோர் எதிரிலும் நிற்கவைத்தது தன் தப்பு என்று, எல்லோர் எதிரிலும் சொன்னார். சொல்லும்போது தடுமாறினார். பழக்கமில்லாத வேலை.

பிறகு அவளுடைய மேஜைக்கு முன்னால் குனிந்து, பைக்குள்ளிருந்த கத்திகளையும் அளவுகோல்களையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்தார். பெரிய கத்தியைச் சின்னதின் இடத்தில் வைத்தார். அளவுகோல்களைத் தலைகீழாக வைத்தார். ஒன்றுகூடச் சரியான இடத்தில் இல்லை.

ரேடியோ வாயைத் திறந்தான். சித்தி அவன் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றையும் மாற்றி வைக்கவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றாள். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.